கார்விங்குக்கு லாங்போர்டு எடுக்குறதும் செட் பண்றதும்: புதுசா வர்றவங்களுக்கு

நான் முதல் லாங்போர்டு வாங்குனப்போ கடையில சொன்னத அப்படியே கேட்டு, நீளமா, விறைப்பா, தரைக்கு ரொம்ப கிட்டக்க இருக்குற ஒரு ட்ராப் த்ரூ போர்டு எடுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒண்ணே ஒண்ணுதான், இறக்கத்துல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வளைஞ்சு வளைஞ்சு இறங்கணும், அதுதான் கார்விங். ஆனா அந்த போர்டுல உடம்ப முழுசா சாய்ச்சாலும் அது மெதுவா ஒரு பக்கமா ஒதுங்கும், ரோடு ஓரம் வந்துடும், திருப்பம் மட்டும் முடிஞ்சிருக்காது. நட்டு டைட்டா இருக்குபோலன்னு நினைச்சு லூஸ் பண்ணேன், இன்னும் லூஸ் பண்ணேன், கடைசியில வாஷர் கடகடன்னு ஆடுற அளவுக்கு லூஸ் பண்ணிட்டேன். அப்புறம் ஒரு நாள் கொஞ்சம் வேகமா போறப்போ சாய்ஞ்சதும் வீல் மேல ஏறி பலகையோட அடியில கடிச்சிடுச்சு. போர்டு அந்த இடத்துலயே நின்னுடுச்சு, நான் முன்னாடி போய் விழுந்தேன். முழங்கைக் காயம் ஆற மூணு வாரம் ஆச்சு.

அஞ்சு மாசம் கழிச்சு, பல வருஷமா ஓட்டுற ஒரு அண்ணன் என் போர்ட கவுத்துப் போட்டு பார்த்துட்டு, "தம்பி, உன் வெயிட் எவ்ளோ?"ன்னு கேட்டாரு. 58 கிலோ அண்ணேன்னு சொன்னேன். "இதுல இருக்குற புஷ்ஷிங் 90ஏ. உன் வெயிட்டுக்கு இது கல்லு மாதிரிப்பா"ன்னாரு. புஷ்ஷிங்னா நீங்க சாயும்போது நசுங்கி போர்ட திரும்ப விடுற ரப்பர் மாதிரி துண்டு, 90ஏங்குறது அதோட கடினம். அவர்கிட்ட இருந்த மெத்துன்னு இருக்குற ஒரு செட்ட மாத்திப் போட்டோம், இருபது நிமிஷம் ஆகியிருக்கும். அதே போர்டு, அதே ரோடு, கணுக்கால சாய்ச்சாலே வளையுது. எனக்கு கோபம்தான் வந்துச்சு, இத ஏன் யாருமே முதல்ல சொல்லலன்னு. அதனாலதான் இத எழுதுறேன். பலகைய பத்தி பத்து பேர் பத்து விதமா சொல்லுவாங்க, கார்விங்குக்கு போர்டு வளையுறதும் வளையாததும் பெரும்பாலும் அந்த ரப்பர் துண்டு உங்க உடம்பு எடைக்கு பொருந்துதாங்குறதுலதான் இருக்கு.

1. கடைக்கு போறதுக்கு முன்னாடி குறிச்சு வைக்க வேண்டியது

ஒரு நோட்டு எடுத்து நாலு விஷயம் எழுதுங்க. உங்க எடை, ஷூவும் ஹெல்மெட்டும் போட்ட எடை. உங்க ஷூ நீளம். எந்த கால முன்னாடி வைப்பீங்க. ஓட்டப் போற ரோடு எப்படி இருக்கும், வழவழப்பா, சொரசொரப்பா, ஜல்லி கிடக்குமா, இறக்கம் எவ்ளோ.

எந்த கால் முன்னாடின்னு தெரியலன்னா வழுக்குற தரையில சாக்ஸ் போட்டு ஓடி சறுக்கிப் பாருங்க, தானா எந்த கால் முன்னாடி போகுதோ அதுதான். இடது கால் முன்னாடின்னா ரெகுலர், வலதுன்னா கூஃபின்னு சொல்லுவாங்க. ரெண்டுமே சரிதான், யாராவது மாத்தச் சொன்னா மாத்தாதீங்க.

2. காசு எங்க போகணும்

போர்டுக்கு ஒதுக்குற மொத்த காச பத்து பங்கா வெச்சுக்கோங்க. நான் இப்ப பிரிச்சா டெக்குக்கு, அதாவது நிக்குற பலகைக்கு, நாலு பங்கு, வீல தாங்கி திரும்புற ட்ரக்குக்கு மூணு, வீலுக்கு ரெண்டு, பேரிங், போல்ட், புஷ்ஷிங் எல்லாத்துக்கும் சேர்த்து ஒண்ணு. ஹெல்மெட் இந்த பத்துல சேராது, அத முதல்லயே தனியா எடுத்து வெச்சிடுங்க. போர்டுக்கு போக மிச்சம் இருந்தா ஹெல்மெட்டுன்னு கணக்கு போட்டா மிச்சமே இருக்காது.

எல்லாம் மாட்டி ரெடியா வர்ற கம்ப்ளீட் வாங்கலாமா, பார்ட் பார்ட்டா வாங்கலாமான்னு நிறைய பேர் கேக்குறாங்க. முதல் போர்டுக்கு நல்ல கம்பெனி கம்ப்ளீட் வாங்குறதுதான் மலிவு, அதே பார்ட்ஸ தனித்தனியா வாங்குனா கூடத்தான் ஆகும். ஆனா கம்ப்ளீட் வாங்குறப்போவே உங்க எடைக்கான புஷ்ஷிங் ஒரு செட் சேர்த்து ஆர்டர் பண்ணிடுங்க. மொத்த செலவுல அது ரொம்ப சின்ன தொகை, பின்னாடி தனியா வாங்குனா பொருள விட டெலிவரி சார்ஜ் கூட வரும், எனக்கு அப்படித்தான் வந்துச்சு.

பொம்மை கடையில கிடைக்குற பேர் தெரியாத கம்ப்ளீட் பக்கம் போகாதீங்க. பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். வீல ஒண்ணு கழட்டச் சொல்லி சிமெண்ட் தரையில போட்டுப் பாருங்க, நல்ல யூரித்தேன்னா (ரப்பர் மாதிரி இருக்குற பொருள்) துள்ளி எழும்பும், பிளாஸ்டிக் மாதிரி பொருள்னா டொக்குன்னு சத்தம் போட்டு கிடக்கும். அந்த வீலு சின்ன கல்லு பட்டாலே நின்னுடும்.

3. டெக்

டெக்குல முதல்ல பார்க்க வேண்டியது ட்ரக் எப்படி மாட்டியிருக்குங்குறதுதான். பலகைக்கு அடியில ட்ரக் மாட்டுனா டாப்மவுண்ட். பலகையில ஓட்டை போட்டு ட்ரக்க அதுக்குள்ள நுழைச்சு மாட்டுனா ட்ராப் த்ரூ. டாப்மவுண்ட்ல நீங்க வீலுக்கு மேல உயரமா நிப்பீங்க, கொஞ்சம் சாய்ஞ்சாலே ட்ரக்குக்கு நல்லா அழுத்தம் போகும், வளைவுல பிடிமானமும் அதிகம். ட்ராப் த்ரூல கீழ நிப்பீங்க, தள்ளி ஓட்ட சுகம், காலால பிரேக் போடவும் ஈஸி, ஆனா அதே அளவு வளைய இன்னும் கொஞ்சம் சாயணும். கார்விங் மட்டும்தான் வேணும்னா டாப்மவுண்ட். போற வர்ற வழிக்கும் ஓட்டணும், கார்விங்கும் வேணும்னா நல்லா வளையுற ட்ராப் த்ரூ. நான் இப்ப வெச்சிருக்குறது டாப்மவுண்ட்.

நீளத்த பார்த்து வாங்காதீங்க, வீல்பேஸ பாருங்க. முன் ட்ரக்கோட உள்பக்க போல்ட்டுலேர்ந்து பின் ட்ரக்கோட உள்பக்க போல்ட்டு வரைக்கும் உள்ள தூரம்தான் அது. கம்மியா இருந்தா சின்ன வட்டத்துல வளையும், அதிகமா இருந்தா பெரிய வட்டம். ஒடுக்கமான ரோட்டுல 20லேர்ந்து 24 இன்ச், அகலமான ரோட்டுல 25லேர்ந்து 28 இன்ச் எனக்கு சரியா இருந்துச்சு. 30 தாண்டுனா திரும்பறதுக்கு இடம் பத்தாம திண்டாடுவீங்க. அகலம் 9லேர்ந்து 10 இன்ச், குறுக்கா நின்னா கால் விரலும் குதிகாலும் ஓரத்துக்கு கிட்ட வரணும், அப்பதான் ஓரத்த அழுத்த முடியும்.

அடுத்து ஃப்ளெக்ஸ், அதாவது பலகையோட வளைவு. கார்விங்குக்கு கொஞ்சம் வளையுற டெக் நல்லா இருக்கும், திருப்பத்துல அழுத்துனா உள்வாங்கி, வெளிய வர்றப்போ திருப்பி உதைக்கும், அந்த உதை அடுத்த திருப்பத்துக்கு உங்கள தூக்கிக் கொடுக்கும். மூங்கிலும் ஃபைபர் கிளாஸும் சேர்த்து செஞ்ச டெக் இதுக்கு பேர் போனது. ஏழு, எட்டு அடுக்கு மேப்பிள் டெக் விறைப்பா இருக்கும். இங்கதான் எல்லாரும் ஏமாறுறது: ஃப்ளெக்ஸ் நம்பர் எடைக்கு ஏத்த மாதிரி வரும், கம்பெனிக்கு கம்பெனி மாறும். லோடட் கம்பெனி டெக்குல ஃப்ளெக்ஸ் 1தான் விறைப்பானது, நம்பர் கூடக் கூட அதிகமா வளையும். நிறைய பேர் ஒண்ணாம் நம்பர்னா மெல்லிசு போலன்னு நினைச்சு தலைகீழா வாங்கிடுறாங்க. கம்பெனி போட்டிருக்குற எடை அட்டவணைய பார்த்து, நடுவுல இருந்தா விறைப்பான பக்கம் எடுங்க, ரொம்ப வளையுறது வேகத்துல ஆட்டம் காட்டும்.

நேர்ல வாங்குனா மேல ஏறி நடுவுல நின்னு ரெண்டு தடவ மெதுவா குதிங்க. நடுவுல லேசா மேல வளைஞ்சு இருக்குற கேம்பர் டெக்குன்னா நீங்க நிக்கும்போது கிட்டத்தட்ட நேரா ஆகணும். ட்ராப் த்ரூல குதிக்கும்போது அடி தரைய தொட்டா அது உங்களுக்கு ஆகாது.

4. ட்ரக்

லாங்போர்டுக்குன்னு வர்ற ட்ரக்க ஆர்கேபின்னு சொல்லுவாங்க, ரிவர்ஸ் கிங்பின். கிங்பின்னா ட்ரக்க நடுவுல பிடிச்சிருக்குற பெரிய போல்ட். ஸ்கேட்போர்டுல வர்றது டிகேபி, ட்ரெடிஷனல் கிங்பின். முதல் கார்விங் போர்டுக்கு ஆர்கேபி எடுங்க, யோசிக்கவே வேண்டாம். ஹேங்கர், அதாவது வீல் மாட்டுற ஆக்சில் இருக்குற துண்டு, அகலம் 180 மிமீ, இது 9லேர்ந்து 10 இன்ச் டெக்குக்கு சரியா உக்காரும். டெக் 9க்கு கீழன்னா 150 மிமீ.

இதுல முக்கியமான நம்பர் பேஸ்பிளேட் கோணம், பேஸ்பிளேட்டுன்னா ட்ரக்க பலகையோட சேர்த்து போல்ட் போடுற தட்டு. 50 டிகிரின்னா கொஞ்சம் சாய்ஞ்சாலே நிறைய வளையும், 43, 44 டிகிரின்னா அதே சாய்வுக்கு கம்மியா வளையும், வேகத்துல நிதானமா இருக்கும். பாரிஸ் கம்பெனி ட்ரக்ல 50, 43 ரெண்டும் வருது, கேலிபர் கம்பெனியில 50, 44 வருது. பெட்டி ஒரே மாதிரி இருக்கும், பில்லுல கோணம் போடாம விட்டுடுவாங்க, நீங்க கேட்டு எழுதி வாங்குங்க. உங்களுக்கு வேண்டியது 50.

டபுள் கிங்பின் ட்ரக்குன்னு ஒண்ணு இருக்கு, கல்விங் சைட்வைண்டர் மாதிரி. ரொம்ப வளையும், சமதளத்துல விளையாட அருமை. ஆனா இறக்கத்துல புதுசா ஓட்டுறவங்களுக்கு அது கட்டுப்படாது, அத ரெண்டாவது போர்டுக்கு வெச்சுக்கோங்க.

5. புஷ்ஷிங்

ட்ரக்குல கிங்பின் போல்ட்ட சுத்தி ஹேங்கருக்கு மேல ஒண்ணு கீழ ஒண்ணுன்னு ரெண்டு ரப்பர் துண்டு மாதிரி இருக்கும், நிஜத்துல அது யூரித்தேன். பலகை பக்கம் இருக்குறது போர்டு சைடு, ரோடு பக்கம் இருக்குறது ரோடு சைடு. நீங்க சாயும்போது இந்த ரெண்டும்தான் நசுங்கி ட்ரக்க திரும்ப விடுது, அப்புறம் தள்ளி நடுவுக்கு கொண்டு வருது. அதோட கடினத்த ஏ அளவுல சொல்லுவாங்க, 78ஏ மெத்துன்னு இருக்கும், 93ஏ கல்லு மாதிரி இருக்கும். ட்ரக்கோட வர்ற புஷ்ஷிங் பெரும்பாலும் 87ஏ, 90ஏன்னுதான் இருக்கும், ஏன்னா அவங்க எல்லா எடைக்கும் சேர்த்து ஒண்ணு போட்டு அனுப்புறாங்க. 80 கிலோ ஆளுக்கு அது ஓகே. 55 கிலோ ஆளு அதுல நின்னா போர்டு அசையாது, அவரு தனக்குத்தான் ஓட்ட வரலன்னு நினைச்சு விட்டுட்டுப் போயிடுவாரு. இத நான் நாலஞ்சு பேர்கிட்ட கண்ணால பார்த்துட்டேன்.

கார்விங்குக்கு நான் ஆரம்பிக்கச் சொல்றது இதுதான். 50 கிலோவுக்கு கீழன்னா 78ஏ. 50லேர்ந்து 65ன்னா 80லேர்ந்து 83ஏ. 65லேர்ந்து 80ன்னா 83லேர்ந்து 87ஏ. 80லேர்ந்து 95ன்னா 87லேர்ந்து 90ஏ. அதுக்கு மேலன்னா 90ஏவும் அதுக்கு மேலயும். ட்ராப் த்ரூ வெச்சிருந்தா இதுல ஒரு படி மெத்துன்னு போங்க, ஏன்னா அதுல உங்க அழுத்தம் கம்மியாத்தான் போய் சேரும். இது ஆரம்பம் மட்டும்தான், ரெண்டு கடினத்துல ரெண்டு செட் வாங்கி வெச்சா ஓட்டிப் பார்த்து முடிவு பண்ணலாம்.

வடிவம் ரெண்டு தெரிஞ்சா போதும். பேரல்னா நேர் உருளை, கோன்னா ஒரு பக்கம் கூம்பு. போர்டு சைடுல பேரல், ரோடு சைடுல கோன் போட்டா கார்விங்குக்கு நல்ல கலவை, நல்லா சாயும், அதே நேரம் கவுத்தும் விடாது. ரெண்டு பக்கமும் கோன் போட்டா இன்னும் சாயும், ஆனா நடுவுல நேரா நிக்கவே நிக்காது, புதுசுல வேண்டாம். ரெண்டு பக்கமும் வேற வேற கடினம் போடுறதா இருந்தா கெட்டியானது போர்டு சைடுல போகணும், பாரம் அதிகமா விழறது அங்கதான். வெனம், ரிப்டைட் ரெண்டு கம்பெனியும் புஷ்ஷிங்குக்கு பேர் போனவங்க, நம்பர் அதுலயே போட்டிருக்கும்.

நட்டு விஷயம் இத விட முக்கியம். புஷ்ஷிங் கெட்டியா இருக்குன்னு நட்ட லூஸ் பண்ணி சரி பண்ண முடியாது, நான் அஞ்சு மாசம் அதத்தான் பண்ணேன். அதே மாதிரி மெத்துன்னு இருக்குன்னு நட்ட முறுக்கியும் சரி பண்ண முடியாது. முறுக்குனா புஷ்ஷிங் நிக்கும்போதே நசுங்கி வாஷருக்கு வெளிய பிதுங்கி வந்துடும், பக்கத்துலேர்ந்து பார்த்தா வயிறு தள்ளுன மாதிரி தெரியும், அப்படி இருந்தா அதுல மிச்சம் நசுங்க இடமே இல்லன்னு அர்த்தம். கையால வாஷர சுத்திப் பாருங்க, சுத்த முடியாத இடம் வர்ற வரைக்கும் நட்ட திருகுங்க, அங்கேர்ந்து கால் சுத்துலேர்ந்து ஒரு சுத்து வரைக்கும், அதுக்குள்ளதான் விளையாட்டு. அதுக்கு மேல தேவைப்பட்டா நம்பர மாத்துங்க. இன்னொண்ணு, நட்டுக்கு மேல கிங்பின் மரை கொஞ்சமாவது வெளிய தெரியணும், தெரியலன்னா நட்டு ஓட்டத்துலயே கழண்டு விழும்.

6. வீல், பேரிங்

கார்விங்ல வீல் வழுக்கக் கூடாது, ரோட்ட பிடிக்கணும். அதுக்கு 78ஏலேர்ந்து 80ஏ வரைக்கும் மெத்துன்னு, 68லேர்ந்து 72 மிமீ விட்டத்துல, ஓரம் கூர்மையா சதுரமா இருக்குற வீல் எடுங்க. ஓரம் உருண்டையா இருந்தா அது ஸ்லைடு பண்றவங்களுக்கு, ஆழமா சாய்ஞ்சா டக்குன்னு விட்டுடும். 75, 80 மிமீ பெரிய வீல் சொரசொரப்பான ரோட்டுல சொகுசுதான், ஆனா டாப்மவுண்ட்ல பலகைய கடிக்கும், ரைசர், அதாவது ட்ரக்குக்கும் பலகைக்கும் நடுவுல வைக்குற துண்டு, போட வேண்டி வரும். ஒராங்குட்டாங் கம்பெனி வீல்ல நிறமே கடினத்த சொல்லிடும், நீலம் 77ஏ, ஆரஞ்சு 80ஏ, ஊதா 83ஏ, மஞ்சள் 86ஏ. கார்விங்குக்கு ஆரஞ்சு.

பேரிங் எல்லாத்துக்கும் ஒரே சைஸ் 608தான், உள்விட்டம் 8, வெளிவிட்டம் 22, தடிமன் 7 மிமீ. ஏபெக் நம்பர பார்த்து காசு செலவு பண்ணாதீங்க, அது அளவோட துல்லியத்த மட்டும்தான் சொல்லும், பக்கவாட்டு அழுத்தம் தாங்குமான்னு சொல்லாது. ஏபெக் 11ன்னு போட்டிருந்தா அந்த கடையையே சந்தேகப்படுங்க, அந்த அளவுகோல் 9லயே முடிஞ்சிடுது. ஸ்பேசர் ஒரு செட் மறக்காம வாங்குங்க, கார்விங்ல வீல் பக்கவாட்டுல அழுத்தப்படுறதால ரெண்டு பேரிங்குக்கும் நடுவுல அது இல்லன்னா பேரிங் சீக்கிரம் போயிடும்.

7. ஆர்டர் போடுறப்போ

பில்லுல நாலு விஷயம் எழுத்துல இருக்கணும்: டெக்கோட ஃப்ளெக்ஸ் நம்பர், ட்ரக் கோணம், வீல் கடினம், புஷ்ஷிங் கடினம். எனக்கு ஒரு தடவ 50க்கு பதிலா 43 வந்துச்சு, பில்லுல வெறும் "ட்ரக் 180"ன்னு மட்டும் இருந்ததால மாத்தித் தர மாட்டேன்னுட்டாங்க. ரிட்டர்ன் விதிய ஆர்டருக்கு முன்னாடியே படிங்க, பெரும்பாலும் ஓட்டாத, கீறல் விழாத பொருளத்தான் திருப்பி எடுப்பாங்க. அதனால பார்சல பிரிக்குறப்போ வீடியோ எடுங்க, எதையும் மாட்டுறதுக்கு முன்னாடி டெக் ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்து பில்லோட சேர்த்து வைங்க. பின்னாடி அடுக்கு பிரிஞ்சு வந்தா வாரண்டி கேக்க இதுதான் கைல இருக்கும். வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்குறதா இருந்தா கஸ்டம்ஸ் வரிய விலையோட சேர்த்துக் கணக்கு போட்டுட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க, அது வாசல்ல வந்து நிக்குறப்போதான் நிறைய பேருக்கு தெரியுது.

ட்ரக் ஓட்டை அமைப்பையும் கேளுங்க. பழைய முறையில போல்ட் ஓட்டைக்கு நடுவுல நீளவாக்குல 2.5 இன்ச், புது முறையில 2.125 இன்ச். ஆறு ஓட்டை இருக்குற பேஸ்பிளேட்டுன்னா ரெண்டுக்கும் பொருந்தும். நாலு ஓட்டைன்னா டெக்கோட ஒத்துப் போகுதான்னு பார்த்துட்டு வாங்குங்க.

ஹெல்மெட்டுல உள்ள ஒட்டியிருக்குற லேபிள பாருங்க. இஎன் 1078ன்னோ ஏஎஸ்டிஎம் எஃப்1492ன்னோ பாதுகாப்பு தர எண் இருக்கணும். தயாரிச்ச தேதியும் பாருங்க. பலமா ஒரு அடி வாங்குன ஹெல்மெட்ட திரும்ப போடாதீங்க, வெளிய ஒண்ணும் தெரியலன்னாலும் உள்ள இருக்குற நுரை ஏற்கனவே நசுங்கியிருக்கும். கையுறையும் முழங்கால் கவசமும் அதே ஆர்டர்ல சேர்த்துடுங்க.

8. மாட்டுறது

முதல் தடவ ரெண்டு மணி நேரம் ஒதுக்குங்க, ராத்திரி அவசர அவசரமா பண்ணாதீங்க. டூல் ஒண்ணு போதும், டி வடிவ ஸ்கேட் டூல். இல்லன்னா ஸ்பேனர் மூணு: கிங்பின் நட்டுக்கு 14, வீல் நட்டுக்கு 13, பேஸ்பிளேட் நட்டுக்கு 10.

முதல்ல புஷ்ஷிங். கிங்பின் நட்ட கழட்டி எல்லாத்தையும் வரிசையா தரையில வைங்க, எந்த வரிசையில வந்துச்சோ அதே வரிசையில. ஒரு போட்டோ எடுத்துக்கோங்க. வாஷர், போர்டு சைடு புஷ்ஷிங், ஹேங்கர், ரோடு சைடு புஷ்ஷிங், வாஷர், நட்டுன்னு திரும்ப போகணும். கோன் போட்டா அதோட அகலமான பக்கம் ஹேங்கர் பக்கம் இருக்கணும். ஹேங்கரோட மூக்கு போய் உக்கார்ற குழிக்குள்ள பிவட் கப்புன்னு ஒரு சின்ன கிண்ணம் இருக்கும், அதுல கொஞ்சம் மெழுகு தடவி விடுங்க, அப்புறம் கீச் கீச்சுன்னு சத்தம் வராது.

அடுத்து ட்ரக்க பலகையில மாட்டுங்க. ஆர்கேபின்னா கிங்பின் நட்டு ரெண்டும் போர்டோட ரெண்டு நுனிய பார்த்து வெளிப்பக்கமா இருக்கணும். இத தலைகீழா மாட்டுறதுதான் நான் பார்த்ததுலயே அதிகமா நடக்குற தப்பு. சரியா மாட்டியிருக்கான்னு பார்க்க போர்ட தரையில வெச்சு ஒரு பக்க ஓரத்த கையால அழுத்துங்க, அழுத்துன பக்கத்துல இருக்குற முன் வீலும் பின் வீலும் ஒண்ணுக்கொண்ணு கிட்ட வரணும். விலகிப் போச்சுன்னா கழட்டி திருப்புங்க. போல்ட்ட ஒவ்வொண்ணா முழுசா முறுக்காதீங்க, எல்லாத்தையும் கையால போட்டுட்டு குறுக்குக் குறுக்கா கொஞ்சம் கொஞ்சமா டைட் பண்ணுங்க. ரைசர் இல்லாத டாப்மவுண்ட்டுக்கு ஒன்னேகால் இன்ச் போல்ட், 6 மிமீ ரைசர் போட்டா ஒன்றரை இன்ச். நட்டுல இருக்குற நைலான் வளையத்த தாண்டி மரை வெளிய வரணும்.

கடைசியா வீல். ஆக்சில்ல ஒரு பேரிங் போட்டு அதுக்கு மேல வீல வெச்சு ரெண்டு கையாலயும் அழுத்துங்க, உள்ள போய் உக்காந்தது கைக்கே தெரியும். அந்த பக்கம் ஸ்பேசர உள்ள போட்டுட்டு திருப்பி ரெண்டாவது பேரிங். ஆக்சில்ல ஏத்துறப்போ உள்பக்கம் ஒரு ஸ்பீடு ரிங் (சின்ன வாஷர்), வெளிப்பக்கம் ஒண்ணு, அப்புறம் நட்டு. டைட் பண்ணிட்டு ஒரு மயிரிழை பின்னாடி விடுங்க, வீல் தாராளமா சுத்தணும், ஆட்டிப் பார்த்தா லேசா அசையணும்.

9. சாக்பீஸ் டெஸ்ட்

வெளிய எடுத்துட்டுப் போறதுக்கு முன்னாடி இத பண்ணாம போகாதீங்க, கெஞ்சிக் கேக்குறேன். நாலு வீல் மேலயும் சாக்பீஸ நல்லா தேய்ங்க. ஒரு கைப்பிடிய பிடிச்சுக்கிட்டு போர்டு மேல ஏறி, ஒரு ஓரத்துல முழு எடையையும் போட்டு நில்லுங்க, லேசா குதிங்க. அந்த பக்கமும் அப்படியே. இறங்கி கவுத்துப் பாருங்க. பலகையோட அடியில வெள்ளைக் கோடு விழுந்திருந்தா வீல் கடிக்குதுன்னு அர்த்தம். என் முதல் போர்டுல இப்பவும் அந்த தடம் இருக்கு, பிறை மாதிரி, கட்டைவிரல் அகலத்துக்கு, வார்னிஷ் போய் மரம் கருகிப் போன நிறத்துல. அத தடவிப் பார்த்தா வழவழன்னு இருக்கும், அவ்ளோ தடவ லேசா உரசியிருக்கு, பெருசா கடிக்கிற வரைக்கும் நான் கவுத்தே பார்க்கல.

கோடு விழுந்தா முதல்ல 3 மிமீ ரைசர், பத்தலன்னா 6 மிமீ. அப்பவும் விழுந்தா ஒரு படி கெட்டி புஷ்ஷிங், இல்ல சின்ன வீல். ரைசர அடுக்கிக்கிட்டே போகாதீங்க, உயரம் கூடக் கூட காலால தள்ளுறதும் பிரேக் போடுறதும் கஷ்டமாகும்.

10. முதல் மூணு வாரம்

முதல் வாரம் சமதளம். தள்ளுறது, காலால பிரேக் போடுறது, மறுபடியும் காலால பிரேக் போடுறது. பிரேக் தூக்கத்துல கூட வரணும், அதுக்கு அப்புறம்தான் இறக்கம். புது புஷ்ஷிங்கும் இந்த வாரம் கெட்டியாத்தான் தெரியும், நாலஞ்சு தடவ ஓட்டுனதும் இளகும், அதுக்குள்ள தப்பான நம்பர் வாங்கிட்டோம்னு முடிவு பண்ணாதீங்க. வீலுக்கும் புதுசுல மேல ஒரு வழவழப்பு இருக்கும், அது தேயுற வரைக்கும் ஆழமா சாயாதீங்க. முதல் நாள் ஓட்டி முடிச்சதும் எல்லா நட்டையும் ஒரு தடவ தொட்டுப் பாருங்க, ஒண்ணு ரெண்டு நிச்சயம் லூஸ் ஆகியிருக்கும்.

ரெண்டாவது வாரம் ரொம்ப லேசான இறக்கம், கீழ தானா நிக்குற மாதிரி சமதளமோ ஏத்தமோ இருக்கணும், வண்டி வராத இடமா இருக்கணும். ஓட்டுறதுக்கு முன்னாடி கீழ வரைக்கும் நடந்து போங்க, வளைவுல கிடக்குற மணலும் ஜல்லியும் மேலேர்ந்து பார்த்தா தெரியாது. முன் கால் முன் போல்ட்டுக்கு கொஞ்சம் பின்னாடி சாய்வா, பின் கால் கிட்டத்தட்ட குறுக்கா, முழங்கால் மடங்கி. எடை முன் கால்ல கொஞ்சம் கூட இருக்கட்டும். பார்வை எங்க போகுதோ தோள் அங்க போகும், தோள் போற பக்கம் போர்டு போகும், அதனால வீல பார்க்காதீங்க, திருப்பம் முடியுற இடத்த பாருங்க. விரல் பக்கம் சீக்கிரம் வந்துடும், குதிகால் பக்கம் பயமா இருக்கும், நாற்காலியில உக்கார்ற மாதிரி இடுப்ப பின்னாடி இறக்குங்க. வேகம் கூடுச்சுன்னா திருப்பத்த முடிக்காம நேரா விட்டுடாதீங்க, இன்னும் நீட்டி குறுக்கா கொண்டு போங்க, முடிஞ்சா லேசா மேல பார்த்து ஏத்துங்க, அதுலதான் வேகம் குறையும்.

மூணாவது வாரத்துலதான் ஸ்பேனர கையில எடுக்கணும். ஒரு நேரத்துல ஒண்ண மட்டும் மாத்துங்க, மாத்துனத நோட்டுல எழுதுங்க. போர்டு திடீர்னு ஒரு பக்கம் விழற மாதிரி இருந்தாலோ, நேரா போறப்போ கணுக்கால் வலிச்சாலோ மெத்துன்னு இருக்கு, ரெண்டு ட்ரக்லயும் கால் சுத்து முறுக்குங்க. உடம்ப முழுசா போட்டாலும் பெரிய வட்டமாவே வந்தா கெட்டி. வேகத்துல பின்னாடி ஆட ஆரம்பிச்சா பின் ட்ரக்ல மட்டும் ஒரு படி கெட்டியான புஷ்ஷிங் போடுங்க, முன்னாடி அப்படியே இருக்கட்டும், முன்ட்ரக் வழி காட்டும் பின்ட்ரக் பின்தொடரும், என் போர்டுல ரெண்டு மாசமா அப்படித்தான் ஓடுது, முன்னாடி 80, பின்னாடி 83.

மழையில ஓட்டாதீங்க. நனைஞ்சுட்டா அன்னைக்கே வீல கழட்டி பேரிங்க துடைச்சு காய வைங்க, சரசரன்னு சத்தம் வந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால்ல கழுவி நல்லா காஞ்சதும் ஒவ்வொண்ணுக்கும் ஒரு ரெண்டு சொட்டு பேரிங் ஆயில் விடுங்க. துரு எடுக்குற ஸ்ப்ரேய அடிச்சு அப்படியே ஓட்டாதீங்க, அது உள்ள இருக்குற எண்ணெயவும் கழுவி எடுத்துட்டுப் போயிடும். மாசத்துக்கு ஒரு தடவ கிங்பின் நட்ட கழட்டி புஷ்ஷிங்க வெளிய எடுத்து விரலால வளைச்சுப் பாருங்க. ஓரத்துல வெடிப்பு தெரிஞ்சாலோ, ஒரு பக்கம் மட்டும் சப்பையாகி திரும்ப எழும்பாம இருந்தாலோ அந்த ஜோடிய தூக்கிப் போட்டுட்டு அதே நம்பர்ல புதுசு வாங்கிப் போடுங்க. நம்பர் நோட்டுல இருக்கும்.